வின்லோ துரையின் இடுப்புத் துணி

கர்னல் ஆர்தர் வின்லோ செத்து நூற்றிருபத்தெட்டு வருஷம் ஆகியும், நாள் தவறாமல் காலை ஐந்தரை மணிக்கு வேலைக்கு நின்றார். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பாவடித் தெருவின் கிழக்குக் கோடியில் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேற்குக் கோடியில் சத்திரத்துச் சுவரில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. வளையத்துக்கும் கர்னலுக்கும் நடுவே தணிகாசலம் பட்டுப் பாவை, அதாவது தறிக்கு நீளவாக்கில் போகிற இழைகளை, இழுத்துக் கட்டுவார்.

கர்னல் என்றால் கல்தான். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், நாலு பட்டை, உச்சியில் கூம்பு. அடியில் அவர் படுத்திருக்கிறாரா என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. வின்லோ துரை என்ற பேர் மட்டும் வாய்வழியாக வந்துசேர்ந்திருந்தது. கல்லில் இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருந்தார்கள். அதன்மேல் நூறு வருஷத்து அரிசிக் கஞ்சி தெறித்துக் காய்ந்து, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசிய மஞ்சளும் குங்குமமும் படிந்து, துரை பார்ப்பதற்கு உள்ளூர்க்காரராகவே ஆகிவிட்டார்.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளிக்க வேண்டும். ஒட்டிய இழைகளைக் கையால் தடவிப் பிரித்து, இளவெயிலில் காயவைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். முளை ஒரு விரல்கடை சாய்ந்தாலும் போச்சு, சிக்கெடுக்கவே ஒரு வாரம் ஆகும். மரமுளை சாயும், மழையில் இளகும். துரை சாயவில்லை. இளகவும் இல்லை. அதனால்தான் அந்தத் தெருவின் நாற்பது தறிக்கும் தணிகாசலம் ஒருவரே பாவு போட முடிந்தது.

தணிகாசலம் முசரவாக்கத்துக்காரர். பயிர்வைக்கிற குடும்பம். நாலு அண்ணன் தம்பிக்கு நிலம் பிரிந்தபோது அவர் பங்குக்கு வரப்புதான் அதிகம் வந்தது. பதினாலு வயதில் காஞ்சிபுரம் வந்து பாவு வேலை பிடித்தார். இப்போது ஐம்பத்தொன்று. முப்பத்தேழு வருஷமாக அவர் முதுகு சாய்ந்து நின்று வெற்றிலை போடுகிற இடம் அந்தக் கல்தான்.

கல்லின் நடுவே, இடுப்புயரத்தில், பழைய பருத்திப் புடவை ஒன்றை எட்டு மடிப்பாகச் சுற்றியிருப்பார்கள். கயிறு அதன்மேல் ஏறும். இல்லையென்றால் கல்லின் விளிம்பு கயிற்றைத் தின்றுவிடும். அந்த இடுப்புத் துணியை வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூஜையன்றுதான் மாற்றுவார்கள். அதிலும் ஒரு முறை உண்டு. துரை அம்மணமாக நிற்கக் கூடாது. ஆகவே பழையது இறங்க இறங்கப் புதியது ஏறும். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒருவன் அவசரத்துக்கு நாள் கிழமை பார்க்காமல் அவிழ்த்தான், அன்றைய பாவு மூன்று இடத்தில் அறுந்தது. அதற்குப் பிறகு யாரும் விளையாட்டுக்குக்கூடத் தொடுவதில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நகராட்சி ஆள் வந்து துரையின் நெற்றியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினான். கல்லில் ஏற்கெனவே கஞ்சி இருந்ததால் அவன் கொண்டுவந்த பசைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்நியர் நினைவுக்கல் அகற்றப்படும், ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம், உபகுழு நேரில் வந்து விசாரிக்கும் என்று அதில் கண்டிருந்தது.

உபகுழுவின் தலைவர் கவுன்சிலர் வீரபாகு. எட்டுத் தறி வைத்திருக்கிறவர். அந்த எட்டுத் தறிக்கும் பாவு போடுகிறவர் தணிகாசலம். அன்று மாலையே தணிகாசலம் கவுன்சிலர் வீட்டுக்குப் போனார்.

"கல்ல எடுத்துட்டா பாவ எதுல கட்டுறதுங்க?"

"வேற முளை நட்டுக்க."

"தெருவுல புதுசா முளை நடக் கூடாதுன்னு நகராட்சியிலதானே சட்டம் போட்டு வெச்சுக்கிறாங்க. பழைய கல்லுங்கறதால உட்டு வெச்சுக்கிறாங்க."

"அப்ப வேற தெருவுக்குப் போ."

"அங்கங்க பாவு போடறவன் இருக்கிறான். என்ன எப்படி உள்ள உடுவான்?"

வீரபாகு கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டால் அதை வளர்த்த பிள்ளை மாதிரி பார்ப்பார். "தணிகாசலம், இது கொள்கை. என் பாவும்தான் அதுல கட்டறாங்க. அதுக்காகக் கொள்கைய உடமுடியுமா? நீ சொல்றத எழுதிக் குடு" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார்.

மோரைக் குடித்துவிட்டுத் தணிகாசலம் நடந்து வந்தார். இந்த வீரபாகுவிடம் ஒரு விஷயம் கேட்டுப் போய் இல்லை என்று திரும்புவது இது இரண்டாவது தடவை. நாலு வருஷத்துக்கு முன் நெசவாளர் சங்கத்தில் சேர விண்ணப்பம் கொடுத்திருந்தார். அட்டையில் போட்டோ ஒட்டித் தருவார்கள், சங்கக் கட்டடத்துப் பலகையில் பேர் எழுதுவார்கள். அந்தப் பலகையில் தன் பேரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஸ்டூடியோவுக்குப் போய், இரவல் சட்டை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். சங்கத்தில் டைரக்டராயிருந்த வீரபாகு விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, 'பாவு போடுபவர் நெசவாளி ஆகார்' என்று பச்சை மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் போட்டோ தணிகாசலத்தின் மனைவி பூவம்மாளின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

ஆட்சேபணை எழுத அவருக்குக் கிடைத்தவர் அதே தெருவில் குடியிருந்த வாத்தியார் தனசேகரன். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்துகிறவர். பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் தவிர வேறு எதையும் எழுதித் திருத்த வாய்ப்புக் கிடைக்காத மனிதர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மொதல்ல அவரு யாருன்னு தெரியணும். கேரியர் முக்கியம். பெரிய ஆளுன்னு ப்ரூவ் பண்ணிட்டா எவனும் கை வெக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை வெந்நீரும் புளியும் தேங்காய்நாரும் கொண்டுவந்து துரையைத் தேய்த்தார்கள். பூவம்மாள்தான் முக்கால்வாசியும் தேய்த்தாள். மாட்டுச் சாமான் கடை ஃபக்ருதீன் பாய் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கணாங்கயிறு, சலங்கை, தாம்புக்கயிறு எல்லாம் அவர் கடையில்தான். பாவு கட்டுகிற கயிறும் அவர் கடைச் சரக்கே. மதியத்துக்குள் துரை வெளுத்துவிட்டார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

துணிக்கு மேலே இருந்தது இது: லெப்டினென்ட் கர்னல் ஆர்தர் வின்லோ. மதராஸ் காலாட்படை. பதினேழு வயதில் சேவைக்கு வந்தவர். நாக்பூர், பர்மா, குடகு ஆகிய மூன்று போர்களிலும் படையோடு அனுப்பப்பட்டு, ஒவ்வொரு போருக்குப் பிறகும் பதவி உயர்வு பெற்றவர்.

துணிக்குக் கீழே இருந்தது இது: இந்த ஊரில் 1841 ஜூன் மாதம் காய்ச்சல் கண்டு இறந்தார். முப்பத்து மூன்று வருஷ சேவையில் ஒருநாளும் பொறுமை இழந்தறியார். சக அதிகாரிகள் நட்ட கல்.

"நடுவுல நாலஞ்சு வரி துணிக்குள்ள இருக்குது. அவுத்துப் பாத்துடலாமா?" என்றார் வாத்தியார்.

"ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்குது" என்றார் தணிகாசலம்.

"ஒரு நிமிஷம்தான்பா."

"அவுரு அம்மணமா நிக்க மாட்டாரு சார்."

வாத்தியார் வற்புறுத்தவில்லை. உண்மையில் அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. "நடுவுல இன்னா இருந்துடப் போவுது. மூணு போர், மூணு ப்ரமோஷன். வீரத்தத்தான் எழுதியிருப்பாங்க. நாமளே எழுதிக்கலாம்."

ஃபக்ருதீன் பாய் ஸ்டூலிலிருந்தபடியே தொண்டையைக் கனைத்தார். "எங்க தாதாவோட தாதா அந்தத் துரை பட்டாளத்துக்குத்தான் மாட்டுச் சாமான் குடுத்துக்கினு இருந்தாராம். துரை மாட்ட அடிக்க உட மாட்டாராம். வெயில் ஏறிச்சுன்னா அங்கியே நிறுத்திடுவாராம். மாடு எழுந்தாத்தான் பட்டாளம் எழும்னு எங்க ஊட்டுல சொல்லுவாங்க."

"பாய், இது ஆட்சேபணை மனு. இதுல மாட்டுக்கு இன்னா வேலை?" என்றார் வாத்தியார்.

பாய் சரி என்று சலங்கை கோக்கப் போய்விட்டார்.

மனு நாலு பக்கம் வந்தது. அதில் வின்லோ நாக்பூரில் வாளேந்தி முதல் வரிசையில் நின்றார். பர்மாவில் ஆற்றை நீந்திக் கடந்து கோட்டையேறினார். குடகில் எதிரிகளைச் சிதறடித்து, தோளில் காயம்பட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் அவர் குதிரைக்குக்கூட ஒரு காயம் இருந்தது. வாத்தியார் அதை உரக்கப் படித்துக் காட்டியபோது தணிகாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய வீரன்மேலா முப்பத்தேழு வருஷம் சாய்ந்து வெற்றிலை போட்டோம் என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

உபகுழு ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தது. வீரபாகு முன்னால், இன்னும் இரண்டு கவுன்சிலர்கள் பின்னால், தீர்மானப் புத்தகத்தோடு நகராட்சி குமாஸ்தா அந்தோணி கடைசியில். பாவு அப்போதுதான் கஞ்சி குடித்து ஈரமாக நீண்டு கிடந்தது. அது வீரபாகுவின் தறிக்கான பாவு. அரக்குச் சிவப்பு.

தெருவே கூடிவிட்டது. வீரபாகு மனுவை ஒரு வரி விடாமல் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு திருப்தி பரவியது. வாத்தியாரும் அதைக் கவனித்துத் திருப்தியடைந்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க. அந்தோணி, தீர்மானத்த முழுசாப் படிப்பா."

அந்தோணி படித்தார்: "நம் நாட்டு மக்களை எதிர்த்துப் போர் புரிந்த அந்நியர்களின் நினைவுக் கற்கள் நகர எல்லைக்குள் இருக்கலாகாது."

"ஆக" என்றார் வீரபாகு, "மூணு போர்லயும் முன்னால நின்னு நம்ம ஆளுங்கள வெட்டுனான்னு நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டீங்க. எங்களுக்கு விசாரிக்கிற வேலையே மிச்சம்."

பின்னாலிருந்த கவுன்சிலர் ஒருவர், பர்மா நம் நாடில்லையே என்று ஒரு சந்தேகம் எழுப்பினார். தன் பெரியப்பா ரங்கூனில் மரக்கடை வைத்திருந்தார், ஆகவே அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் தீர்த்துவைத்தார்.

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். நோட்டீஸில் இவ்வளவு விவரம் போட்டிருக்கவில்லை. தணிகாசலத்துக்குக் கயிற்றில் வைத்திருந்த கையை எடுக்கத் தோன்றவில்லை. நாளை மறுநாள் இந்தக் கயிற்றை எங்கே கட்டுவது என்று மட்டும் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது. பூவம்மாள் கஞ்சிச் சட்டியை இடுப்பில் வைத்தபடி கணவனையே பார்த்தாள்.

அப்போது ஃபக்ருதீன் பாய் ஸ்டூலிலிருந்து யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். "அவுரு எங்க வெட்டினாரு. போய்ச் சேரவே இல்லியே."

"இன்னா பாய்?"

"எங்க ஊட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. துரை எந்தச் சண்டைக்கும் போய்ச் சேந்ததில்லன்னு."

"வாய்ப்பேச்செல்லாம் ரெக்கார்டு ஆவாது பாய். கல்லுல எழுதியிருக்குதா?"

தெருவே துரையின் இடுப்பைப் பார்த்தது.

தணிகாசலமும் பார்த்தார். ஐம்பத்திரண்டில் அறுந்த பாவு நினைவுக்கு வந்தது. அவிழ்த்தால் என்னென்ன ஆகுமோ. அவிழ்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். "அவுக்கிறேன். ஆனா பாவு ஈரமா இருக்குது. இப்ப கயித்த எடுத்தா இழையெல்லாம் ஒட்டிக்கும். ஒரு மணி நேரம் ஆவும்" என்றார்.

"ஒரு மணி நேரமா?"

"உங்க பாவுதாங்க."

வீரபாகு தன் அரக்குச் சிவப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு உபகுழு ஃபக்ருதீன் பாய் கடை நிழலில் உட்கார்ந்து சோடா குடித்தது. தணிகாசலமும் பூவம்மாளும் பாவின் இரு பக்கமும் நடந்து இழைகளைத் தடவிப் பிரித்தார்கள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் அறும். தெரு மொத்தமும் ஒரு பாவு காய்வதற்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

பாவைச் சுருட்டிக் கட்டி வைத்த பிறகு தணிகாசலம் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு எட்டு மடிப்பையும் அவிழ்த்தார். பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கஞ்சியும் மஞ்சளும் படாத அந்த ஒரு முழக் கல் நேற்று நட்டது போல இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கூராக நின்றது.

அந்தோணிக்கு இங்கிலீஷ் வரும். ஒரு வரி படித்து, ஒரு வரி தமிழில் சொன்னார். வரவு ரசீது படிக்கிற அதே குரல்தான்.

"படையின் பொதிமாடுகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். நாக்பூருக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்து பதினோரு நாள். பர்மாவில் இவர் மாடுகளைக் கப்பலிலிருந்து இறக்கியபோது உடன்படிக்கை ஆகி ஆறு நாள். குடகில் அன்று மாலை."

"அன்று மாலைன்னா?"

"காலையில முடிஞ்சுதாம் சார். இவரு சாயந்திரம் போயிருக்காரு. கொஞ்சம் கொஞ்சமா நேரத்துக்கு வந்துக்கினு இருந்திருக்காரு." அந்தோணி அடுத்த வரிக்குக் குனிந்தார். "தம் வாழ்நாளில் ஒருமுறையும் எதிரியைக் காணும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட மாடுகளில் ஒன்றையும் இழந்ததில்லை. அவ்வளவுதான் சார்."

ஃபக்ருதீன் பாய் சலங்கை ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"சண்டைக்கே போவாதவனுக்கு எப்படிக் கர்னல் பட்டம் குடுத்தாங்க?" என்றார் வீரபாகு.

"சர்வீஸ் ஆயிட்டா குடுப்பாங்க சார். நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தான்."

வீரபாகு கொஞ்ச நேரம் கல்லைச் சுற்றி நடந்தார். சுலபமாக விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. "மாடு ஓட்டினது இன்னாத்துக்கு? போருக்குத்தானே. மூட்டைய சுமந்துக்கினு போனவனும் போர் புரிஞ்சவன்தான். தீர்மானம் செல்லும்" என்றார்.

அந்தோணி பேனாவைத் திறந்தார்.

தணிகாசலம் இதுவரை வீரபாகுவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவரில்லை. கையில் துரையின் இடுப்புத் துணி இருந்தது. அதை மடித்துக்கொண்டே பேசினார். "ஒண்ணு கேக்கணுங்க. நாலு வருஷம் முந்தி நான் சங்கத்துல சேர வந்தேன். நீங்க இன்னா எழுதினீங்க?"

வீரபாகு அந்தோணியின் பேனாவைப் பார்த்தார்.

"பாவு போடுபவர் நெசவாளி ஆகார்னு எழுதினீங்க. பச்ச மையில. நான் அப்ப சண்டைக்கு வரல. நீங்க எழுதினது ஞாயம்தான்னு இருந்துட்டேன். இந்தத் தெருவுல முப்பத்தேழு வருஷமா போவுற பொடவ அத்தினியும் மொதல்ல என் கையிலதான் நீண்டுச்சு. எந்தக் கல்யாணத்துலயாவது இது தணிகாசலம் பொடவன்னு சொன்னாங்களா? தறியில குந்தினவன்தான் நெய்ஞ்சவன். பாவு தூக்கிக் குடுத்தவன் நெய்ஞ்சவன் இல்ல. அதானே உங்க சட்டம். அப்ப மாடு ஓட்டிக்கினு போனவரு மட்டும் எப்படிங்க சண்ட போட்டவரு ஆவாரு?"

துரைக்காகப் பேசத்தான் வாயைத் திறந்தார். பேசி முடித்தபோது யாருக்காகப் பேசினோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பூவம்மாள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

வீரபாகுவின் காது சிவந்தது. மற்ற இரண்டு கவுன்சிலர்களும் சோடா புட்டியைத் திருப்பிக் கொடுப்பதில் மும்முரமானார்கள். தீர்மானமும் அவர் போட்டதுதான், பச்சை மையும் அவர் போட்டதுதான். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அந்தோணி பக்கம் திரும்பி, "எழுதுப்பா" என்றார்.

அந்தோணி எழுதியது இது: 'மேற்படி நபர் எந்தப் போரிலும் எதையும் செய்யவில்லை என்பது நேரில் பார்வையிட்டு உறுதிசெய்யப்பட்டபடியால், கல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இதற்கு ஆதாரமான வரிகள் எக்காலமும் பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும்.'

வாத்தியார் தன் நாலு பக்கத்தையும் திருப்பிக் கேட்டார். அது ஃபைலில் சேர்ந்துவிட்டது, தர முடியாது என்று அந்தோணி வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் விடியற்காலை தணிகாசலம் புதுத் துணியோடு கல்லின் முன் நின்றார். நடுவில் கட்டக் கூடாது என்று உத்தரவு. கீழே கட்டினால் பாவு முழங்காலுக்கு வந்துவிடும், குனிந்து தடவ ஐம்பத்தொரு வயது இடுப்பு ஒத்துக்கொள்ளாது. மேலேதான் கட்ட வேண்டும். நடுவே பாவைத் தாங்குகிற மூங்கில் கவைகளையெல்லாம் ஒரு முழம் உயர்த்திக் கொடுத்தால் சரியாக வரும். மேலே கட்டினார். பேர், பட்டம், பட்டாளம், மூன்று போர், மூன்று பதவி உயர்வு எல்லாம் எட்டு மடிப்புக்குள் போயின. மாடும், பிந்திப் போனதும், ஒரு மாட்டையும் இழக்காததும், பொறுமையும் வெளியே நின்றன. கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்த்தார். ஒரு மனிதனைப் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவுதான் என்று அவருக்குப் பட்டது.

அன்றைய பாவு ஓர் இழைகூட அறவில்லை. ஐம்பத்திரண்டில் அறுந்ததற்கு நூல்தான் காரணமாயிருக்கும் என்று பூவம்மாள் சொன்னாள்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை வீரபாகு தனியாக நடந்து வந்தார். கையில் ஒரு காகிதம். தணிகாசலம் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சங்கத்தோட அடுத்த கூட்டத்துல தீர்மானம் வெக்கலாம்னு இருக்கிறோம். பாவு போடறவங்களும் நெசவாளிதான்னு. நானே வெக்கிறேன்." வீரபாகு கல்லைப் பார்த்துச் சொன்னார், ஆளைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நீ சொன்னது எனக்குத் தூக்கத்துல கூட வருது. இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடு. போட்டோ இருக்குதா?"

தணிகாசலம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பலகை அவர் கண் முன் வந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் தன் பேர். நாலு வருஷமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எந்த வரிசையில் இடம் காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

"வேணாங்க" என்றார்.

"ஏம்பா?"

"நான் நெசவாளின்னு நீங்க எழுதிட்டீங்கன்னா, மாடு ஓட்டினவரும் சண்ட போட்டவருதான்னு ஆயிடும். இன்னிக்கு நீங்க இருக்கிறீங்க. நாளைக்கு வேற ஒருத்தரு வருவாரு. ரெண்டு காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாரு. கல்லு பூடும்."

வீரபாகு யோசித்தார். சட்டம் தெரிந்தவர்தான், ஒரு ஓட்டை தேடித்தான் பார்த்தார். கிடைக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

பூவம்மாள் கஞ்சிச் சட்டியோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நாலு வருஷமா அந்தப் போட்டோவப் பூச்சி அரிக்காம காப்பாத்திக்கினு வரேன்" என்றாள்.

"தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. கல்லில் ஒரு கை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளங்கைக்குக் கீழே இருந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது எந்த வரி என்று தெரியும். ஒரு மாட்டையும் இழந்ததில்லை.

"தெளி" என்றார் பூவம்மாளிடம். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டியாக வேண்டும்.